காலுக்குச் செருப்பா? செருப்புக்குக் காலா?

அறிவியல் வகுப்பில் ‘அழுத்தம்’ என்னும் பாடம் நடக்கிறது. எடை மாறாதிருப்பினும், அதைத் தாங்கும் பரப்புக் குறையக் குறைய அழுத்தம் மிகும் என்று ஆசிரியை விளக்குகிறார். எடுத்துக்காட்டாக, யானையின் பாதத்தையும் கூர்ங்குதிச் சப்பாத்தையும் கரும்பலகையில் வரைகிறார். 60 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணின் முழு எடையும், நடையின் ஒரு கணத்தில், ஒரு சதுர சென்டிமீட்டர் அளவே உள்ள குதிமுனையில் இறங்குமானால், அந்தச் சிறு புள்ளி 60 கிலோவையும் தாங்க வேண்டும். அதே குதி நான்கு சென்டிமீட்டர் நீளமும் நான்கு சென்டிமீட்டர் அகலமும் உடையதாயின், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நான்கு கிலோவும் வாராது. மாணவர் வியக்கின்றனர். மணி அடிக்கிறது. ஆசிரியை அத்தகைய சப்பாத்துடனேயே அடுத்த வகுப்பை நோக்கி நடக்கிறார். அந்தப் பாடம் தரையைப் பற்றியது. பாதத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

தரையைக் காப்பதில் உலகம் விழிப்புடனேயே இருந்து வந்துள்ளது. ஊசி போன்ற குதி 1950-களில் பரவத் தொடங்கியபோது, தளம் குழிவிழுகிறது என்று பல பொதுக் கட்டடங்களில் அதற்குத் தடை விதித்தனர். 2009-இல் கிரேக்க நாடு தன் பழங்காலச் சின்னங்கள் உள்ள இடங்களில் குதியுயர்ந்த காலணி அணிந்து வருவதைத் தடுத்தது. கல் பழுதுறும் என்பது காரணம். செய்தது நன்றே. ஆயினும், கல்லுக்குக் கிடைத்த அந்த இரக்கம் காலுக்கு ஏன் கிடைக்கவில்லை? ஈராயிரம் ஆண்டு நின்ற கல் தாங்காத ஒன்றை, எலும்பும் நரம்பும் தசையுமான பாதம் நாள்தோறும் தாங்க வேண்டும் என்பது எந்த நீதி?

குதியுயர்ந்த காலணியை வலியின்றி அணிவது எப்படி என்னும் கேள்வி எங்கும் எழுகிறது. ஆனால் அக்கேள்வி அணிகின்ற பெண்ணிடமே கேட்கப்படுகிறது; விடையையும் அவரே தேட வேண்டியிருக்கிறது. அது செய்கின்றவரிடமும், விற்கின்றவரிடமும், அணிந்தே ஆக வேண்டும் என்று ஆணையிடுகின்றவரிடமும் கேட்கப்பட வேண்டிய கேள்வி. முகவரி தவறிய கேள்விக்குச் சரியான விடை கிடைக்குமா?

உயர்ந்த குதி பெண்மையோடு உடன்பிறந்தது என்று எண்ணுவார் உளர். வரலாறு அதை மறுக்கிறது. பாரசீகத்துக் குதிரைவீரர், அங்கவடியில் கால் நழுவாதிருக்கக் குதி வைத்த காலணி அணிந்தனர். அங்கிருந்து அது ஐரோப்பிய அரசவைகளுக்குச் சென்றது. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி சிவப்புக் குதி வைத்த காலணியோடு அவையில் நின்றார். அது உழைக்க வேண்டாதவர், நெடுந்தொலைவு நடக்க வேண்டாதவர் என்பதைக் காட்டும் அடையாளமாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆண்கள் அதைக் கழற்றி வைத்தனர். நடக்க வேண்டாதவருக்கென்று வளர்ந்த அணி, காலப்போக்கில், நாளெல்லாம் நின்று உழைக்கும் பெண்ணின் காலில் வந்து ஏறியதுதான் விந்தை!

வலி எங்கிருந்து வருகிறது என்பதில் மறைபொருள் ஏதுமில்லை. வெறுங்காலில் நிற்கையில் உடலின் எடையில் பெரும்பங்கைக் குதிகால் தாங்குகிறது. குதி உயர உயர, அந்தச் சுமை முன்பாதத்திற்கு நகர்கிறது. பாதம் சரிவான பலகையில் வைத்த பொருளைப் போல முன்னோக்கி வழுக்கிக் கூரிய முனைக்குள் இறங்குகிறது. ஐந்து விரல்களும் இரண்டு விரலுக்குரிய இடத்தில் நெருக்குண்கின்றன. பெருவிரல் உட்புறமாகச் சாய்ந்து அதன் அடிமூட்டு புடைப்பதும், சிறுவிரல்கள் மடங்கி விறைப்பதும், விரல்களுக்கிடையே நரம்பு தடித்து எரிவதும் இதனால் பெருகும் துன்பங்கள். கணுக்காலின் உறுதியும் குறைகிறது. ஒரு சிறு பள்ளம் போதும், கால் பிசகிவிட. முழங்காலும் தப்புவதில்லை. உயர்குதியோடு நடக்கையில், முழங்கால் மூட்டின் உட்புறத்தை வருத்தும் விசை, வெறுங்கால் நடையைவிட ஏறத்தாழ 23 விழுக்காடு மிகுகிறது என்று 1998-இல் வெளிவந்த மருத்துவ ஆய்வு ஒன்று காட்டியது.

இத்தனைக்கும் கடைக்காரரின் மறுமொழி ஒன்றே: “போடப் போடப் பழகிவிடும்.” பழகுவது எது? தோல் சற்றே இளகலாம். ஆனால் அதைவிட மிகுதியாகப் பழகுவது கால். ஈராண்டுகளுக்கு மேல் வாரத்தில் ஐந்து முறையேனும் உயர்குதி அணிந்துவந்த பெண்களை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களுடைய கெண்டைக்கால் தசை இழைகள் ஏறத்தாழ 13 விழுக்காடு குறுகியிருந்தன; குதிகால் நரம்பு என்று மக்கள் வழங்கும் தசைநாண் தடித்து இறுகியிருந்தது. அதனாலன்றோ, அச்சப்பாத்தைக் கழற்றி வெறுங்காலில் நடக்கும்போதும் சிலருக்கு வலிக்கிறது! செருப்புக்கு ஏற்பக் காலைத் தறிப்பது மடமை என்று பழமொழியில் சிரிக்கும் சமூகம், அதே செயலைச் சிறுகச் சிறுகச் செய்தால் ‘பழக்கம்’ என்று பெயரிடுகிறது.

அடுத்து வருவது உபாயங்களின் அணிவகுப்பு. மூன்றாம் நான்காம் விரல்களை ஒட்டுநாடாவால் சேர்த்துக் கட்டு என்கிறது ஒரு குறிப்பு. உணர்வை மரக்கச் செய்யும் மருந்தைப் பாதத்தில் தெளித்துக்கொள் என்கிறது மற்றொன்று. வலி என்பது உடல் விடுக்கும் எச்சரிக்கை. தீப்பற்றியதைச் சொல்லும் மணியின் நாவை அறுத்துவிட்டுத் தீ அணைந்தது என்று மகிழ்வதற்கும் இதற்கும் வேறுபாடு யாது? மெத்தைத் துண்டுகளில் பயனே இல்லை என்பதன்று. முன்பாதத்தின் எலும்பு முனைகளுக்குச் சற்றுப் பின்னே வைக்கப்படும் மெத்தை சுமையைப் பரப்பித் தருகிறது. ஆனால் இடம் தவறி வைத்தால், ஏற்கெனவே போதாத இடத்தை அது மேலும் குறைக்கிறது. ஒரு கடையில் வலியை விலைக்கு வாங்கி, மறு கடையில் அதன் மருந்தையும் விலைக்கு வாங்கும் இந்த வாணிகத்தில் இழப்பவர் யார், ஈட்டுபவர் யார் என்பதைக் கணக்குத் தெரிந்த மாணவர் எவரும் சொல்லிவிடுவர்.

இந்நிலையில் அறவுரையாளர் ஒருவர் எழுகிறார். “வலிக்கிறதென்றால் அணியாமல் விடுவதுதானே? மேனாட்டு மோகம் பிடித்த பெண்களுக்கு இது வேண்டியதே!” என்கிறார். எளிதான தீர்ப்பு, ஆனால் நேர்மையற்ற தீர்ப்பு. விடுதியின் வரவேற்பு மேசையிலும், விற்பனைக் கூடத்திலும் நிற்கும் பெண்ணுக்கு அது சீருடையின் ஒரு பகுதியாக விதிக்கப்படும்போது, அங்கே மோகம் எங்கிருந்து வந்தது? மேலும், விழா நாளில் சேலைக்கு ஏற்ற உயரம் வேண்டும் என்று ஒரு பெண் விரும்பினால், அவ்விருப்பமும் குற்றமன்று. அழகை விரும்புவதற்குத் தண்டனையாக ஊனத்தை விதிக்க இவர்களுக்கு அதிகாரம் அளித்தவர் யார்? இறுக்கும் கழுத்துப்பட்டையை இந்த வெயில் நாட்டில் அணிந்து திரியும் ஆடவர், மோகத்தைப் பற்றிப் பெண்ணுக்குப் பாடம் நடத்துவது நகைப்புக்கு இடமானது.

உயர்குதியும் ஓரளவு இதமாக இருக்க முடியும் என்பதைத் தொழில்நுட்பம் நெடுங்காலத்துக்கு முன்பே கண்டுவிட்டது. இத்தாலியில் பிறந்த சால்வதோரே ஃபெராகாமோ என்னும் காலணிக் கலைஞர், 1920-களில் அமெரிக்காவில் தொழில் நடத்துகையில் பல்கலைக்கழகத்தில் உடற்கூறு கற்றார். நிற்கும் உடலின் எடை நடுப்பாதத்தின் வளைவின்மேல் இறங்குகிறது என்று கண்டு, அவ்வளைவைத் தாங்க எஃகுத் தகடு ஒன்றை உள்ளே பொருத்தினார். பின்னர் இத்தாலியில் நல்ல எஃகு அரிதானபோது, குதியையும் அடியையும் ஒன்றாக நிரப்பும் ஆப்பு வடிவக் குதியை 1930-களில் உருவாக்கினார். செருப்புத் தைக்கக் கற்றவர் காலையும் கற்றார். அதுவே அவர் சிறப்பு. பினாங்கில் செருப்புத் தைக்கும் குடும்பத்தில் பிறந்து இலண்டனில் தொழில் பயின்ற ஜிம்மி சூவின் பெயரை, 1996-இல் தொடங்கிய நிறுவனம் உலகெங்கும் உயர்குதிக் காலணியின் பெயராகவே ஆக்கியது. ஆகவே, அறிவில்லை, கைத்திறனில்லை என்று சொல்லித் தப்ப மலேசியாவுக்கும் வழியில்லை.

அந்த அறிவு கூறுவன சிலவே. குதி, குதிகால் எலும்பின் நடுவுக்கு நேர்கீழே நிற்க வேண்டும். பின்னே தள்ளியிருந்தால் உடல் ஆடும். நடுப்பாதத்தைத் தாங்கும் தகடு வளையாததாக இருக்க வேண்டும். விரல்கள் அசைய அகலமும் ஆழமும் வேண்டும். புறவடியின்மேல் ஒரு வார் இருந்தால் பாதம் முன்னே வழுக்காது. முன்னடியும் சற்றுத் தடித்திருந்தால் சரிவு குறையும்: எட்டுச் சென்டிமீட்டர்க் குதிக்கு முன்னடி மூன்று சென்டிமீட்டர் இருப்பின், கால் உணர்வது ஐந்து சென்டிமீட்டர் ஏற்றமே. ஆனால் தடித்த அடி தரையின் மேடுபள்ளத்தை மறைத்துவிடும் என்பதால் அதற்கும் எல்லை உண்டு. வாங்குவோரும் அறிய வேண்டுவன உள. மாலையில் பாதம் சற்றே வீங்கியிருக்கும். அப்போது வாங்குவதே முறை. இரு கால்களையும் நின்றபடி அளந்து, பெரிய காலுக்கு ஏற்ப வாங்க வேண்டும். வயது ஏறவும், மகப்பேற்றுக்குப் பின்னும் பாதம் அகலக்கூடும்; பழைய அளவை நம்பலாகாது. கடையிலேயே வலிக்கும் காலணி வீட்டில் இனிக்காது. இத்தனை செய்தாலும், நாள் முழுதும் நிற்கும் பணிக்குத் தாழ்ந்து அகன்ற குதியே தக்கது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எனினும், நல்ல காலணியைத் தேர்ந்தெடுக்கும் அறிவு இருந்து, தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லையெனின் பயன் யாது? 2015-இல் இலண்டனில், உயர்குதி அணிய மறுத்த வரவேற்புப் பணிப்பெண் ஒருவர் சம்பளமின்றி வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அவர் தொடங்கிய மனுவில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர்; அங்குள்ள அரசோ, இருக்கும் சட்டமே போதும் என்று 2017-இல் கூறிவிட்டது. அதே ஆண்டில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம் அத்தகைய கட்டாயத்தை விதியால் நீக்கியது. அண்டை நாடான பிலிப்பைன்ஸின் தொழில்துறையும் அவ்வாண்டே, உயர்குதியைக் கட்டாயமாக்கலாகாது, நின்று உழைப்போருக்கு இருக்கையும் ஓய்வும் வேண்டும் என்று ஆணையிட்டது. 2019-இல் ஜப்பானியப் பெண்கள் குரல் எழுப்பினர். அம்மொழியில் ‘குட்சு’ என்றால் சப்பாத்து. ஈற்றைச் சற்று நீட்டிக் ‘குட்சூ’ என்றால் வலி. குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள தொலைவே சப்பாத்துக்கும் வலிக்கும் உள்ள தொலைவு என்பதைத் தமிழாசிரியருக்கு விளக்க வேண்டுமா? 2020-இல் அந்நாட்டு விமான நிறுவனமான ஜப்பான் ஏர்லைன்ஸ் தன் விதியைத் தளர்த்தியது. விமானங்கள் வழக்கம்போல் பறந்தன. வானம் இடிந்து விழவில்லை.

தமிழ்ப் பள்ளிகளில் கற்பிப்போருள் பெரும்பான்மையோர் பெண்கள். அவர்களிடம் படித்த மாணவியர், நாளை விடுதிகளிலும் வங்கிகளிலும் விமான நிலையங்களிலும் முதல் வேலைக்குச் செல்வர். முதற்சம்பளத்தில் அவர்கள் வாங்கும் சப்பாத்து, அவர்களுடைய ஐம்பதாம் வயதின் முழங்காலை முடிவு செய்யக்கூடும். ஆதலின் அழுத்தம் பற்றிய பாடம் கரும்பலகையோடு நின்றுவிடலாகாது. யானையையும் குதியையும் வரைந்த கை, அக்குதிக்கு மேலே ஒரு பாதத்தையும் வரையட்டும். வேலைக்கு எடுப்போரிடம், ‘இது பணிக்குத் தேவையா, பார்வைக்குத் தேவையா?’ என்று கேட்கும் துணிவையும் அந்த வகுப்பே கற்பிக்கட்டும்.

மூன்று அங்குலப் பாதமே அழகு என்று சீனத்தில் சிறுமியரின் காலைக் கட்டி முறித்த வழக்கம் ஒன்று இருந்தது. அன்றும் அதை மரபு என்றனர், பழகிவிடும் என்றனர். 1912-இல் சீனக் குடியரசு அதைத் தடைசெய்தது. கட்டிய பாதத்துக்கான அச்சிறு சப்பாத்துகள் பிற்காலத்தில் மலாக்காவில் சுற்றுலாப் பயணிகளுக்கு நினைவுப் பொருளாக விற்கப்பட்டன. கண்டவர், ‘இதையுமா அணிந்தார்கள்?’ என்று வியந்தனர். இன்றைய ஊசிக்குதியும் ஒருநாள் அதன் பக்கத்தில் வைக்கப்படும்.

கண்ணகியின் அடிகளைச் சிறியவை, மெல்லியவை என்று போற்றியது தமிழ்க் காப்பியம். ஆனால் அவ்வடிகளே புகாரிலிருந்து மதுரை வரை நடந்தன. நீதி கேட்டு அரசவை வரை நடந்தன. பாடப்பட்டது அடியின் மென்மை. வென்றது அதன் நடை. பெண்ணின் கால் பிறர் பார்ப்பதற்கு முன் அவர் நடப்பதற்கு உரியது. அந்த நடைக்கு இசையாத காலணியே மாற வேண்டும், கால் அன்று.