பரண்மேல் ஒரு பட்டாளம்

போன மாதம் பேத்தியை அழைத்துக்கொண்டு தரங்கம்பாடி போயிருந்தேன். மயிலாடுதுறையில் பொறையாறு பஸ் ஏறினால் ஆக்கூர், திருக்கடையூர் தாண்டி வந்துவிடும். டேனிஷ் கோட்டையில் மற்றவர்கள் கடலைப் பார்த்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பழைய பீரங்கியின் பின்பக்கம் குனிந்து தீ வைக்கும் துளையைத் தேடினேன். பழக்கதோஷம். பதினேழு வருடம் பீரங்கிப் படையில் இருந்தவன். அந்த உத்தியோகம் கொடுத்ததில் பென்ஷனும் இடது காது மந்தமும் இன்னும் கூடவே இருக்கின்றன.

“தாத்தா, நீங்க இதுல யாரைச் சுட்டீங்க?” என்றாள் பேத்தி.

பதில் வரவில்லை. கன்னருக்கு எதிரியின் முகம் தெரியாது. வயர்லெஸ்ஸில் எண் வரும், குழாயைத் திருப்புவோம், குண்டைத் தள்ளுவோம், அடுத்த எண் வரும். அவ்வளவுதான். ஏழு வயதுப் பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்ல? “அப்புறம் சொல்றேன்” என்றேன். பட்டாளத்திலிருந்து ஊர் திரும்பிய நாளிலிருந்து எல்லாரிடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இதே கோட்டையில் வேலை பார்த்த இன்னொரு கன்னர் அப்படித் தள்ளிப்போடவில்லை. அவர் பெயர் யோன் ஓலாஃப்சன், ஐஸ்லாந்துக்காரர். தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் இங்கே 1620-இல் கோட்டை கட்டினார்கள். யோன் 1622-இல் கப்பலேறி மறு வருடம் வந்து சேர்ந்தார். வெடிமருந்து விபத்தில் பலத்த காயம் பட்டு 1624-இல் திரும்பிப் போனார். எந்தப் போரையும் வென்றவரில்லை, பதவி என்று சொல்ல எதுவும் இல்லை. ஆனால் 1661-இல், அறுபத்தேழு வயதுக்கு மேல், கப்பலையும் கோட்டையையும் தான் பார்த்த நம் கடற்கரை மனிதர்களையும் தம் தாய்மொழியில் எழுதி வைத்தார். அது இருபதாம் நூற்றாண்டில் ஆங்கிலத்திலும் வந்தது.

நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்க ஏட்டில் எழுதிய கடிதம் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. அரசர் எழுத்தைக் காப்பாற்ற ஆவணக் காப்பகம் உண்டு. சிப்பாயின் கதையை அவனேதான் எழுதியாக வேண்டும்.

டெல்டாவில் எத்தனையோ கிராமத்தில் மாஜி ராணுவத்தார் இருக்கிறார்கள். 1965 போரையும் 1971 போரையும் பார்த்தவர்களுக்கு எழுபது, எண்பது வயது தாண்டிவிட்டது. ஒவ்வொரு வீட்டுப் பரணிலும் வெள்ளைப் பெயிண்டில் நம்பர் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டி ஒன்று கிடக்கும். ஆள் போனதும் பெட்டி பழைய இரும்புக்குப் போகும்.

“நான் என்ன ஜெனரலா, எழுதறதுக்கு?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். யோனும் ஜெனரல் இல்லை. ராணுவ ரகசியம் என்று சிலர் தயங்குகிறார்கள். அதை யார் கேட்டது? சம்பா அறுவடையை விட்டு ரயிலேறியவன் முதல்முறை பனியைப் பார்த்தபோது என்ன செய்தான், மெஸ்ஸில் சப்பாத்தி தின்று அலுத்தவன் சாம்பாருக்கு எப்படி ஏங்கினான் என்பதெல்லாம் ரகசியமா? என் அம்மா ‘கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.’ என்ற முகவரிக்கே எழுதிக்கொண்டிருந்தாள். அது எந்த ஊர் என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது. இதை எந்தப் போர் வரலாற்றிலும் தேடிப் பயனில்லை.

பெரிய செலவுள்ள யோசனை இல்லை. மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் ஆளுக்கொரு மாஜி ராணுவத்தாரைத் தங்கள் ஊரிலேயே பிடித்து உட்காரவைத்துக் கேட்டு எழுதட்டும். அந்த நோட்டுகளுக்குக் கிளை நூலகத்தில் ஓர் அலமாரி ஒதுக்கினால் போதும். தைரியக் கதை மட்டும் கேட்காதீர்கள், பிள்ளைகளா. பயந்த கதையையும் கேளுங்கள்.

பென்ஷன்காரர்கள் நாங்கள் வருடா வருடம் நவம்பரில் உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்கிறோம். எப்படி வாழ்ந்தோம் என்பதற்கு யாரும் சான்று கேட்பதில்லை, ஏழு வயதுப் பேத்தியைத் தவிர. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கியிருக்கிறேன். முதல் வரியில் அவள் கேள்வி இருக்கிறது.