தோழர்களே, நிலத்தையும் மின்சாரத்தையும் சேர்த்தே கேட்போம்



சுங்கை சிப்புட், செம்மோர், கோல கங்சார் தோட்டங்களில் பிறந்து, இன்று ஈப்போ தொழிற்பேட்டைகளில் ஒப்பந்த ஆளாக நிற்பவர்களே, உங்களைத்தான் அழைக்கிறேன். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் இடிந்தன. நம் கை பட்ட காட்டில் வேலை செய்ய வெளிநாட்டிலிருந்து ஆள் வந்தது. இப்போது அடுத்த மாற்றம் வாசலுக்கு வந்துவிட்டது. 2050-க்குள் நாட்டின் மின்னுற்பத்தித் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க வளங்களிலிருந்து வர வேண்டும் என்று 2023-இல் அரசு இலக்கு வைத்தது. அதற்கு நிலம் வேண்டும், செம்பனை ஆலைகளின் கழிவும் வேண்டும். இரண்டும் நம் ஊரில் இருக்கின்றன.

முன்பும் இப்படி ஒரு மின்சாரம் வந்தது. 1930-இல் பேராக் ஆற்றைச் செண்டரோவில் மறித்து எடுத்த மின்சாரம் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்குப் போனது. நம் பாட்டிமார் நெற்றி விளக்கோடு இருட்டில் பால்வெட்டப் போனார்கள். 1985-இல் ஈய விலை சரிந்தபோது சுரங்கங்களும் மூடின; ஈப்போவின் பிள்ளைகள் பிழைப்புத் தேடிக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள்.

ஒரு டன் செம்பனைக் குலையை ஆட்டினால் அரை டன்னுக்கு மேல் கழிவுநீர் வரும். அது திறந்த குளத்தில் புளித்தால் மீத்தேன் வானத்துக்குப் போகிறது. மூடிப் பிடித்தால் மின்சாரம். அந்த மின்சாரத்தை நிர்ணய விலைக்கு விற்க 2011-இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் உண்மையைச் சொல்லியாக வேண்டும். எரிவாயுக் கூடத்துக்கு ஆள் கொஞ்சம்தான் தேவை. சூரியப் பண்ணையும் அப்படியே: கட்டும்வரை வேலை, கட்டி முடித்தபின் காவலாளியும் புல் வெட்டுபவரும். மின்சாரத்தை மட்டும் கேட்டால் ஏமாந்துபோவோம். விவசாயத்தோடு கட்டிக் கேட்டால்தான் வேலை பெருகும்.

சூரியத் தகட்டுக்கு அடியில் ஆடு மேயலாம், செம்பனை நிழலில் மாடு மேயலாம். மாடு மேய்ப்பது நம்மவர்கள் தலைமுறையாகச் செய்து வந்தது. அந்த மாடுகளைத்தான் பல தோட்டங்களில் வெளியேற்றச் சொல்கிறார்கள். காய்கறியை எடுத்துக்கொள்ளுங்கள். அறுத்த அன்றே விற்றாக வேண்டியிருப்பதால் இடைத்தரகர் சொல்வதுதான் விலை. பக்கத்து ஆலையின் மின்சாரத்தில் ஒரு குளிர் அறை ஓடட்டும். விலை பேச இரண்டு நாள் கிடைக்கும். கழுவ, தரம் பிரிக்க, பொட்டலம் கட்ட, லோரி ஓட்ட ஆள் வேண்டும். பாலைத் தயிராக்க, நெய்யாக்க ஆள் வேண்டும். குளிர் அறையையும் எரிவாயுக் கூடத்தையும் பராமரிக்க வயர்மேன், சார்ஜ்மேன் வேண்டும். அந்த வேலைகளுக்கு உரிமம் பெறும் பயிற்சியில் நம் பிள்ளைகள் இப்போதே சேரட்டும். உள்ளூர்ப் பிள்ளைகளை எடுத்தால்தான் திட்டத்துக்கு அனுமதி என்று மாநில அரசு நிபந்தனை போடட்டும்.

இவ்வளவுக்கும் காலூன்ற நிலம் வேண்டும். 2023 அக்டோபரில் செம்மோர் அருகே கந்தானில் நடந்ததை மறந்துவிடாதீர்கள். காய்கறித் தோட்டங்களை இடிக்க இயந்திரம் வந்தது. குறுக்கே நின்ற சோசலிசக் கட்சித் தலைவர் டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ் கைதானார். நாட்டுக்குச் சோறும் கறியும் போடுபவன் ஏன் அத்துமீறியவன் ஆகிறான்? நிலத்துக்குத் தற்காலிக உரிமம் கிடைத்தாலும் டிசம்பர் 31 வந்தால் காலாவதி. ஆண்டுக்கு ஆண்டு நடுங்குகிறவன் குளிர் அறை கட்டுவானா? வங்கிதான் கடன் கொடுக்குமா? நீண்டகாலக் குத்தகை கேட்போம். அதற்குக் குறைந்த எதற்கும் தலையாட்ட வேண்டாம்.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். 1960-இல் தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் தெருவுக்கு வந்தபோது, சுங்கை சிப்புட்டின் மகன் துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய் மாதம் பத்து வெள்ளி கேட்டார். பால்வெட்டியவர்கள் கொடுத்தார்கள். அந்தக் காசில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோட்டங்களையே வாங்கியது. அவர்களைவிட நாம் ஏழைகள் அல்லர். சிதறிக் கிடக்கிறோம், அவ்வளவுதான்.

ஆகவே இந்த வாரமே கூடுங்கள். கோயில் மண்டபம் போதும், தமிழ்ப்பள்ளித் திடல் போதும். யார் மாடு வைத்திருக்கிறார், யார் எத்தனை ஆண்டாக எந்த நிலத்தில் பயிர் செய்கிறார், எந்தப் பிள்ளை படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கிறான் என்று பெயரோடு பட்டியல் எடுங்கள். பழைய சம்பளச் சீட்டு, உரிமக் கடிதம், நிலத்தின் புகைப்படம் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வையுங்கள். கூட்டுறவைப் பதிவு செய்யுங்கள். பிறகு மாவட்ட நில அலுவலகத்துக்குத் தனித்தனியாகப் போகாதீர்கள். மலாய், சீன விவசாயிகளையும் அழைத்துக்கொண்டு ஒரே மனுவோடு, ஒரே நாளில் போவோம், வாருங்கள்!