எந்த அளவுகோலில் அளந்தது?

நாளிதழ்களின் அறிவியல் பக்கங்களில் அடிக்கடி கண்ணில் படும் செய்தி இது: இன்ன நோய் 70 சதவீதம் மரபுவழி வருவது. நோயாளியின் நோயில் எழுபது பங்கு பெற்றோர் தந்தது என்று வாசகர் எடுத்துக்கொள்கிறார். அந்த எழுபதுக்குப் பெயர் பாரம்பரியத் திறன் (heritability); அது அதைச் சொல்வதில்லை. ஒரு மக்கள்கூட்டத்தில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் மரபணு வேறுபாட்டுக்குரிய பங்கு எவ்வளவு என்பதையே அது சொல்கிறது. இந்தத் தவறைப் பலர் சுட்டிக்காட்டியாயிற்று. அந்த எழுபதை எந்த அளவுகோலில் அளந்தார்கள் என்று மட்டும் கேட்பார் குறைவு.

உயரத்தை அளந்தால் மணி வடிவ வளைவு கிடைக்கும். வேறுபாட்டைப் பங்கு பிரிக்கப் புள்ளியியலாளர் ஃபிஷர் 1918இல் போட்டுத்தந்த கணக்கு அங்கே பொருந்தும். நோயோ உண்டு, அல்லது இல்லை. ஆடு ஈனும் குட்டி ஒன்று, அல்லது இரண்டு. இவற்றை என்ன செய்வது?

கினிப்பன்றியின் பின்னங்காலில் மூன்று விரல்கள். சில வம்சங்களில் நான்காவதும் முளைக்கும். இரு வகையையும் கலந்தபோது, பேரக்குட்டிகளின் தலைமுறையில் ஏறத்தாழ கால்வாசிக்கு நான்காம் விரல் இருந்தது. ஒற்றை மரபணுவின் வேலை என்று அதோடு முடித்திருக்கலாம். மரபியலாளர் சிவால் ரைட் விடவில்லை. மேலும் கலந்து பார்த்தார்; கணக்கு உதைத்தது. பல மரபணுக்களும், தாயின் வயது போன்ற புறக் காரணங்களும் கூடி, உள்ளே ஒரு நிலை சிறுகச் சிறுக மாறுகிறது, அது ஒரு வரம்பைத் தாண்டினால்தான் விரல் முளைக்கிறது என்று 1934இல் எழுதினார். 1965இல் மரபியலாளர் ஃபால்கனர் இதே சிந்தனையை மனித நோய்களுக்குக் கொண்டுவந்தார்.

இரண்டுக்கும் நடுவே, 1950இல், உள்நிலையின் அளவைக் கண்ணால் கண்ட பண்பின் அளவாக மாற்ற டெம்ப்ஸ்டரும் லெர்னரும் வெளியிட்ட சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள். உள்நிலையில் பாரம்பரியத் திறன் 0.70 என்று கொள்வோம். மக்களில் பாதிப்பேரிடம் உள்ள பண்பானால், உண்டு என்பதற்கு 1, இல்லை என்பதற்கு 0 என்று போட்டுக் கணித்தால் 0.45 வரும். நூற்றில் ஒருவருக்கு வரும் நோயானால் 0.05தான். மரபணுக்களின் செல்வாக்கு துளியும் குறையவில்லை. நோய் அரிது, அவ்வளவே. 0.05ஐ மட்டும் பார்த்தவர், மரபுக்கு இதில் வேலையே இல்லை என்று எழுதிவிடுவார்.

மறுபக்கமும் உண்டு. சூத்திரத்தைத் திருப்பிப் போட்டு 0.05ஐ 0.70 ஆக்கப் பதினான்கால் பெருக்குகிறோம். மாதிரியில் நேர்ந்த சிறு பிழையும் கூடவே பதினான்கு மடங்காகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த உள்நிலை மணி வடிவில்தான் பரவுகிறது என்பதும் நம் ஊகமே. எண்ணிக்கைத் தரவுக்கோ, மடக்கை (log) எடுத்து அதை நேராக்கும் பழக்கம், பூஜ்யங்கள் மலிந்திருந்தால் செல்லாது. தரவின் இயல்புக்கேற்ற கணித மாதிரியைப் பொருத்தி, விடையை மீண்டும் கண்ட பண்பின் அளவுக்கே கொண்டுவரும் வழிகள் 2016இல் ‘ஜெனெடிக்ஸ்’ இதழில் விரிவாக வெளிவந்துவிட்டன. கருவி இருக்கிறது, அதைப் பயன்படுத்தாமல் எண்ணை மட்டும் அச்சிடுவதற்குச் சாக்கு இல்லை.

இவ்விதழுக்கு அறிவியல் எழுதும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாரம்பரியத் திறனைக் குறிப்பிடும்போது, அது கண்ட பண்பில் அளந்ததா, உள்நிலையில் கணித்ததா, எந்த மக்களிடம், அவர்களில் நூற்றுக்கு எத்தனை பேருக்கு அந்த நோய் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். மூலக் கட்டுரையில் அந்த விவரம் இல்லையென்றால், எண்ணை விட்டுவிடுங்கள்.