பூவிடமும் வாக்குமூலமா?

ஒரு பூவைக் கண்டு அஞ்சும் அரசை என்னவென்பது? 2024 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துப் பாடசாலையொன்றின் இல்ல விளையாட்டுப் போட்டியில் மாணவர்கள் கார்த்திகைப் பூ வடிவில் அலங்காரம் செய்தார்கள். பொலிஸார் விசாரணையைத் தொடங்கிவிட்டார்கள்.

அதிகாரிகளுக்குச் சில விடயங்களை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. விடுதலைப் புலிகள் இதனைத் தேசியப் பூவாக அறிவித்தது 2003 இல். லின்னேயஸ் இதற்குக் குளோரியோசா சுப்பர்பா எனப் பெயரிட்டது 1753 இல். அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்னர், குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கிய கபிலர் முதலில் வைத்தது இந்தச் செங்காந்தளைத்தான். திருமுருகாற்றுப்படையில் முருகன் சூடுவதும் காந்தளே. அப்படியானால் எங்கள் ஜிந்துப்பிட்டியில் கோயில் கொண்டிருக்கும் முருகனிடமும் வாக்குமூலம் பெறுவார்களா? சிங்கள மக்கள் இதே கொடியை நியங்கலா என்கிறார்கள். தமிழ்நாட்டின் மாநில மலரும் சிம்பாப்வேயின் தேசிய மலரும் இதுவே. இத்தனை பேரையும் விசாரிக்க எத்தனை பொலிஸ் நிலையங்கள் வேண்டும்?

நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. கார்த்திகை மாதத்தில் இந்தப் பூவைச் சுவரொட்டிகளில் பார்ப்பவர்களுள் எத்தனை பேர் அதை வேலியில் கண்டிருக்கிறோம்? இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிக் கொடியை ஏற்றுவதையும், பச்சையாய் விரியும் ஆறு இதழ்கள் மஞ்சளாகிப் பின் சிவப்பதையும் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறோமா? அதன் கிழங்கில் கொல்சிசின் என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது. உண்ணத்தக்க கிழங்கென்று எண்ணித் தின்று மாண்டவர்கள் இலங்கையிலேயே உண்டு. போற்றுகிற பூவின் நஞ்சைக்கூட அறியாதிருப்பது என்ன பற்று?

அந்த நஞ்சே மருந்தும் ஆகிறது. மத்தியதரைக் கடற்பகுதியின் சுண்ணாம்புக்கல் சரிவுகளிலும் பூக்கும் கொல்ச்சிகம், கார்த்திகைப் பூவின் குடும்பத்தைச் சேர்ந்தது. 1820 இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் கொல்சிசினைப் பிரித்தெடுத்தது அதிலிருந்துதான். கௌட் எனப்படும் மூட்டு நோய்க்கு இன்றும் இது மருந்து. மாரடைப்பு அபாயத்தைக் குறைக்கவும் இதனைப் பயன்படுத்த 2023 இல் அமெரிக்கா அனுமதித்தது. தமிழ்நாட்டில் மூலனூர்ப் பக்கத்து விவசாயிகள் பந்தலிட்டு இதைப் பயிரிட்டு, விதையை மருந்துத் தயாரிப்புக்கு விற்கிறார்கள்.

அவர்கள் விதையை எடைபோட்டு விலை பேசுகிறார்கள். நாமோ பூவுக்கு வழக்கு எழுதுகிறோம், அல்லது கும்பிட்டுவிட்டுப் போகிறோம். அந்த விளையாட்டுப் போட்டி முடிந்த மறுநாள் மாணவர்களைத் தேடி வந்திருக்க வேண்டியவர் ஒரு தாவரவியல் ஆசிரியர்.