பம்பைக்கு மட்டும் பேரமா?

முதலில் பென்னாகரத்துத் தம்பிக்குப் பதில்; என் கோபம் அப்புறம். வீட்டிலேயே பாட்டுக்கு இசை சேர்க்கிறவர் அவர். 'இபி-133 கே.ஓ. 2' வாங்கலாமா அண்ணா, காசுக்குத் தகுமா என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

ஸ்டாக்ஹோமின் டீனேஜ் இன்ஜினியரிங் நிறுவனம் 2023 கடைசியில் வெளியிட்ட தாளப் பெட்டி அது. எடை 620 கிராம். நான்கு சின்ன பேட்டரியில் ஓடும். மைக்கும் ஸ்பீக்கரும் உள்ளேயே இருப்பதால், எந்தச் சத்தத்தையும் பதிந்து பட்டனில் வைத்துத் தட்டலாம். வெளிவந்தபோது 299 டாலர். நம் பணத்தில் 25,000 ரூபாய் பக்கம், சுங்க வரி தனி. நிஜ டிரம் ஓசையைப் பதிந்து 1980இல் ரோஜர் லின் கொண்டுவந்த எல்எம்-1 பெட்டி சுமார் 5,000 டாலர் விற்றது. அதைப் பார்த்தால் இது மலிவுதான்.

இனி கோபம். போன வாரம் பாலக்கோடு பக்கம் ஓர் ஊரில் அம்மன் திருவிழா. கரகம் வருகிறது, முன்னால் பம்பை இல்லை! மினி லாரியில் கூம்பு ஸ்பீக்கர். பதிவு செய்த பம்பைத் துண்டு ஒன்று அதில் திரும்பத் திரும்ப ஓடுகிறது. கேட்டால், பம்பைக் குழு சொன்ன கூலி கட்டுப்படியாகவில்லையாம். சீரியல் லைட்டுக்குக் கேட்டதைக் கொடுத்தவர்கள் சொல்கிறார்கள்.

பம்பை என்பது சேர்த்துக் கட்டிய இரண்டு உருளை. ஒன்றில் வரும் குரல் மற்றதில் வராது. கூட உடுக்கை, சிலம்பு. அடிக்கிறவர் கண் தோலில் இருக்காது, கரகம் எடுத்தவர் காலில் இருக்கும். சாமி வருவது தெரிந்தால் அடி நெருங்கும். ஆள் தளர்ந்தால் அடியும் இறங்கும். விழப்போகிறவரை நிதானத்துக்குக் கொண்டுவருவதும் அந்த அடிதான். விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தில் மத்தளக்காரரும் இப்படித்தான்: கட்டியங்காரன் பேச்சை இழுத்தால் காத்திருப்பார், துரியோதனன் சுழன்று வந்தால் அடியைக் கூட்டுவார்.

லின் தம் பெட்டியில், மனிதக் கைபோல் தாளம் சற்றே சாய்ந்து விழ 'ஸ்விங்' வசதி வைத்தார். அந்தச் சாய்வும் முன்கூட்டியே முடிவானதுதான். எதிரே ஆடுகிறவர் தடுமாறினால் பெட்டிக்குத் தெரியாது. கச்சேரியில் ரிதம் பேட் வாசிக்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அங்கே கை மனிதக் கை. பாடகர் தாளம் தவறினாலும் தாங்கிப் பிடிக்கிறது.

2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது எல்லோரும் கைதட்டினோம். நம்மூர்க் கலைஞர் கூலி கேட்டால் மட்டும் ஏன் முகம் சுளிக்கிறோம்?

தம்பி, பெட்டியோடு வரும் ஓசைகளே போதுமென்றால் அதை வாங்காதீர்கள். அவ்வளவுக்குப் போனில் இலவசச் செயலி இருக்கிறது. உங்கள் ஊர்ப் பம்பைக்காரரை உட்காரவைத்துப் பதிவு செய்வதானால் தாராளமாக வாங்குங்கள், காசுக்குத் தகும். திருவிழாவுக்கு வாங்கும் ஒருநாள் கூலியை அவருக்கு முழுசாகக் கொடுங்கள். பாட்டில் அவர் பெயரையும் போடுங்கள்.

விழாக் குழுவினரே, அடுத்த ஆண்டு ஸ்பீக்கர்காரருக்கு முன்பணம் தருவதற்கு முன்னால் பம்பைக்காரருக்குத் தந்துவிடுங்கள்.