காரம் என்றொரு சொல்



அரியலூர்ச் சாலைகளில் சுண்ணாம்புக்கல் ஏற்றிவரும் லாரிகளுக்கு ஒதுங்கி வழிவிடாத பிள்ளை நம் பகுதியில் இருக்க முடியாது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் பரவிக் கிடந்த நிலம் இது. அக்கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் படிவுகளும் இறுகி உருவான கல்லே இன்று சிமெண்ட் ஆலைகளுக்குச் செல்கிறது. ஆயினும் அதே கல்லுக்குப் பாடநூலில் ‘கால்சியம் கார்பனேட்’ என்று பெயரிட்டிருப்பதைக் கண்டதும் பிள்ளை மிரள்கிறது. “நம்ம பிள்ளைக்கு சயின்ஸ் வராது” என்று பெற்றோரும் தீர்ப்பளித்து விடுகின்றனர். சொற்களின் பொருளை யாரும் எடுத்துச் சொல்லாததே பெரும்பாலும் இதற்குக் காரணம் என்பது என் கருத்து. கலைப் பட்டதாரியான எனக்கே விளங்குகின்றவை பிள்ளைகளுக்கா விளங்காமல் போகும்?

இலத்தீன் மொழியில் ‘கால்க்ஸ்’ என்றால் சுண்ணாம்பு. 1808இல் ஹம்ஃப்ரி டேவி என்ற ஆங்கிலேய அறிஞர் அதனுள் அடங்கிய உலோகத்தைப் பிரித்தெடுத்து, அச்சொல்லிலிருந்தே ‘கால்சியம்’ என்று பெயர் சூட்டினார். சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் இட்டுச் சுட்டால் கரியமிலவாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். அதில் கால்சியத்தோடு ஆக்சிஜன் மட்டுமே இருப்பதால் அது கால்சியம் ஆக்ஸைடு. அதில் நீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கி நீற்றுச் சுண்ணாம்பாகும். இப்போது ஹைட்ரஜனும் சேர்ந்துவிட்டதால் கால்சியம் ஹைட்ராக்சைடு. இப்பெயர்களை மனனம் செய்ய வேண்டியதில்லை. எது சேர்ந்தது, எது பிரிந்தது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

நீற்றுச் சுண்ணாம்பு ஒரு காரம். பிள்ளைகள் பெரிதும் தடுமாறும் இடம் இதுவே. வீட்டில் காரம் என்றால் மிளகாய். வேதியியலில் காரம் என்பது அமிலத்தை எதிர்த்துச் சமப்படுத்தும் பொருள். மிளகாய்க்கும் இதற்கும் எவ்வித உறவுமில்லை. நீரில் கரையும் காரத்தை ஆங்கிலத்தில் ‘ஆல்கலி’ என்பர். அரபு மத்ரஸாவில் ஓதும் பிள்ளை இச்சொல்லைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார வேண்டும்! அது ‘அல்-கலீ’ என்ற அரபுச் சொல். உவர்நிலச் செடிகளை எரித்துப் பெற்ற சாம்பலுக்கு அரபியர் இட்ட பெயர் அது. சோப்பும் கண்ணாடியும் செய்ய அச்சாம்பல் பயன்பட்டது. பொட்டாசியத்தின் குறியீடு ‘பி’ என்று தொடங்காமல் ‘கே’ என்றிருப்பது ஏன் என்று பிள்ளை கேட்டால், விடை இங்கேதான் உள்ளது. அந்த உலோகத்தின் மற்றொரு பெயரான ‘காலியம்’ இந்தக் ‘கலீ’யிலிருந்து பிறந்தது.

காரத்தைக் கண்டறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. பிரியாணிக் கறை படிந்த வெள்ளைச் சட்டையில் சோப்பைத் தேய்த்ததும் மஞ்சள் நிறம் சிவப்பாவதைத் தாய்மார்கள் அனைவரும் கண்டிருப்பீர்கள். சோப்பிலுள்ள காரமே மஞ்சளை அவ்வாறு மாற்றுகிறது. அடுத்தமுறை பிள்ளையை அருகழைத்துக் காட்டுங்கள்.

இந்த ஒரு சொல்லை இவ்வளவு வற்புறுத்துவதற்குத் தேர்வு மட்டும் காரணமில்லை. அமிலம் என்றால் அஞ்சுகிற நாம், வெற்றிலைச் சுண்ணாம்பைக் குழந்தையின் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிடுகிறோம். சுண்ணாம்புப் பொட்டலத்தை அழுத்தி விளையாடும் குழந்தையின் கண்ணில் அது தெறித்துவிடுவதுண்டு. அமிலத்தைக் காட்டிலும் காரம் கண்ணுக்குள் ஆழமாக ஊடுருவக்கூடியது; பார்வையையே பறித்துவிடும். காரத்தை அமிலம் முறிக்கும் என்று பாடத்தில் படித்த நினைவில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்துவிடாதீர்கள். பாலும் எண்ணெயும் கூட வேண்டாம். அந்தக் கணமே இமைகளை விரித்துப் பிடித்து, தூய நீரைக் குறைந்தது 15 நிமிடங்களாவது இடைவிடாமல் ஊற்றிக் கழுவுங்கள். பின்னர்த் தாமதமின்றிக் கண் மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.