சாய்தளம் எந்தத் தெருவில் தொடங்குகிறது?

கடந்த ஆண்டு ஒரு நாள் என் அத்தையை ஓர் அரசு அலுவலகத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். ஊர், அலுவலகம் இரண்டின் பெயரும் வேண்டாம். எங்கள் மல்லாங்கிணறு வட்டாரத்துக் கரிசல் பூமியில்தான் இருக்கிறது. வாசலில் புதிதாகச் சாய்தளம் கட்டியிருந்தார்கள். அதைப் பார்வையிட மேலிடத்திலிருந்து ஒரு குழு வந்திருந்தது. டேப்பைப் பிடித்து அளந்தார்கள், குறித்துக்கொண்டார்கள். அப்போதுதான் அத்தை அவர்கள் கண்ணில் பட்டார். "நல்லதாப் போச்சு, அந்தம்மாவை ஏறச் சொல்லி ஒரு போட்டோ எடுத்துக்கிருவோம்" என்றார் ஒருவர். அத்தை சக்கர நாற்காலியை உருட்டி மேலே ஏறினார். படம் எடுத்தார்கள். எல்லோருக்கும் மகிழ்ச்சி, அத்தைக்கும்தான்.

அவர் அந்த வாசலுக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்று யாரும் கேட்கவில்லை. அத்தைக்கு மூன்று வயதில் வந்தது இளம்பிள்ளை வாதம். அவர் வாழும் காலனித் தெருவில் வீட்டு வாசலுக்கும் ரோட்டுக்கும் நடுவே திறந்த வாறுகால் ஓடுகிறது. கடப்பதற்கு ஒரே ஒரு கல் பலகை, ஒன்றரை அடி அகலம். நாற்காலி அதில் போகாது. முதலில் அத்தையைத் தூக்கிக்கொண்டு போய் எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்தேன். திரும்பி வந்து நாற்காலியைத் தூக்கிப் போனேன். சிமெண்ட் ரோடு முடியும் தெருமுனையில் முக்கால் அடி இறக்கம். அங்கே மறுபடியும் தூக்கல். பிறகு ஆட்டோ. குழுவின் அறிக்கையில் அந்தப் போட்டோ இருக்கும். நான் தூக்கி வந்த தூரம் இருக்காது.

அந்தக் குழுவில் இருந்தவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. அவர்கள் கையில் இருந்த படிவம் அப்படி. நுழைவாயிலில் சாய்தளம் உண்டா, அதன் சரிவு 1:12 விகிதத்தில் இருக்கிறதா, கதவின் அகலம் 900 மில்லிமீட்டரா, கழிப்பறையில் கைப்பிடி உண்டா. கேள்விகள் எல்லாம் சரியானவைதான். ஆனால் அவை கட்டடத்தின் வாசலில் தொடங்கி கட்டடத்துக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. வாசல்வரை வந்து சேர்ந்துவிட்ட ஒருவரைத்தான் அந்தப் படிவத்துக்குத் தெரியும். எங்கள் பக்கத்து ஊர்களில் யார் வாசல்வரை வருவார், யார் தெருவிலேயே நின்றுபோவார் என்பதைப் பாதியாவது சாதி தீர்மானித்திருக்கிறது. ரோடு எந்தத் தெருவில் முதலில் போடப்பட்டது, வாறுகாலுக்கு மூடி எந்தத் தெருவோடு நின்றது, ரேஷன் கடையும் பஸ் நிறுத்தமும் எந்தப் பக்கம் அமைந்தன என்று பழைய தீர்மானப் புத்தகங்களைப் புரட்டுவதுதான் என் முனைவர் பட்ட ஆய்வின் பெரும்பகுதி. தீர்மானங்களில் சாதியின் பெயர் எங்கும் இல்லை. வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் வேறெதுவும் தெரியவில்லை.

சட்டத்துக்குக் குறைவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இல் வந்தது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. பொதுக் கட்டடங்கள் எல்லாவற்றையும் ஐந்தாண்டுக்குள் எல்லோரும் அணுகத்தக்கவையாக மாற்ற வேண்டும் என்று அதன் 45ஆவது பிரிவு சொன்னது. அந்தக் கெடு 2022 ஜூனோடு முடிந்துவிட்டது. பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005இல் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் கெடு வைத்து உத்தரவிட்டது. 2024 நவம்பர் 8 அன்று அதே வழக்கில் இன்னொரு தீர்ப்பு வந்தது. அணுகல் தொடர்பான விதி வெறும் பரிந்துரைகளின் தொகுப்பாக இருக்கிறது, சட்டமோ கட்டாயம் என்கிறது, எனவே அந்த விதி செல்லாது. மூன்று மாதத்துக்குள் கட்டாய விதிகளை உருவாக்குங்கள் என்றது. ஒரு வழக்கு 19 ஆண்டுகள் நடந்த பிறகு, "இது கட்டாயமா, ஆலோசனையா" என்கிற இடத்துக்கு நீதிமன்றம் வர வேண்டியிருந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தோடு பழகிய நமக்கு இதில் வியப்பில்லை. அந்தச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளின்படி மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். எத்தனை மாவட்டங்களில் ஒழுங்காகக் கூடுகிறது என்று கேட்டு நம் தோழர்கள் போட்ட தகவல் உரிமை மனுக்களை அடுக்கினால் அதுவே ஒரு சாய்தளமாகும்.

இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு இதை ஏன் எழுத வேண்டும்? இது நம் சொந்தப் போராட்டத்தின் பாக்கி என்பதால்தான். 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானம் எதைக் கேட்டது? பொதுத் தெருவில் நடக்கவும் பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கவும் பொதுக் கட்டடத்துக்குள் நுழையவும் தாழ்த்தப்பட்டவர்களுக்குத் தடை இருக்கக் கூடாது என்பதை. 1927இல் மகத்தில் அம்பேத்கர் குளத்துக்குப் போனதும் அதற்காகத்தான். பின்னால் அது அரசியலமைப்பின் 15(2) பிரிவாயிற்று. கடை, உணவகம், கிணறு, குளம், படித்துறை, சாலை, பொதுமக்கள் கூடும் இடம் என்று பெயர் சொல்லிப் பட்டியலிட்டது அந்தப் பிரிவு. (பெயரிலேயே கிணறு உள்ள ஊரில் பிறந்தவனுக்கு அந்தப் பட்டியலைப் படிக்கும்போதெல்லாம் ஒரு சிறு சந்தோஷம்.) ஆனால் மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் என்று அது அடுக்குகிற காரணங்களில் உடற்குறைபாடு கிடையாது. சாதியின் பெயரால் கிணற்றடியில் யாரையும் தடுக்கக் கூடாது என்றார்கள். கிணற்றடிக்குப் போகவே முடியாதவரைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை.

தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வறண்ட பகுதியில் குழாயில் தண்ணீர் தினமும் வருவதில்லை. வருகிற நேரத்தில் பிடித்தாக வேண்டும். அத்தை தெருவின் பொதுக்குழாயைச் சுற்றி எப்போதும் சகதி. பிளாஸ்டிக் குடத்தை மடியில் வைத்து நாற்காலியை உருட்டிப் போகிறவருக்கு அந்தச் சகதிதான் முதல் படிக்கட்டு. குழாயடியைச் சுற்றி நான்கு அடிக்குத் தளம் போட்டு, தண்ணீர் வடிய வழி செய்தால் போதும். எந்த அணுகல் தணிக்கைப் படிவத்திலும் குழாயடி என்றொரு வரியை நான் பார்த்ததில்லை. அத்தையின் ஒரு நாளில் அலுவலகத்துக்குப் போகும் வேலை வருடத்துக்கு இரண்டு முறை வரும். குழாயடி வேலை தண்ணீர் வரும் நாளெல்லாம் உண்டு.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர், மக்கள்தொகையில் 2.21 சதவீதம். பட்டியல் சாதியினரிடையே மட்டும் அது 2.45 சதவீதம். வித்தியாசம் சிறிதாகத் தெரியலாம். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்பதை விருதுநகர் மாவட்டத்தில் யாரிடமும் விளக்க வேண்டியதில்லை. பட்டாசு ஆலையில் வெடி விபத்து நடந்தால் இறந்தவர்களின் எண்ணிக்கை மறுநாள் பத்திரிகையில் வரும், நிவாரணமும் அறிவிக்கப்படும். கை கருகி, விரல்கள் ஒட்டிப்போய் வீடு திரும்புகிறவர் அடுத்த முப்பது ஆண்டுகள் எப்படிக் கைப்பிடியைப் பற்றுவார், எப்படிக் குழாயைத் திருகுவார் என்பது செய்தி ஆகாது. மழை பொய்க்கும் கரிசலிலிருந்து அந்த ஆலைகளுக்கும் கல்குவாரிக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள் யாரென்று நமக்குத் தெரியும்.

இந்த நிலையில்தான் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று நடந்திருக்கிறது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் இரண்டு சட்டத் திருத்தங்கள் கொண்டுவரப்பட்டன. உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்க அவை வழி செய்கின்றன. அதற்கு முன் நகர்ப்புற உள்ளாட்சிகள் முழுவதிலும் 35 மாற்றுத்திறனாளிகள்தாம் உறுப்பினர்களாக இருந்தார்கள். இனி அங்கே 650 பேர், கிராம ஊராட்சிகளில் 12,913 பேர், ஒன்றியங்களில் 388 பேர், மாவட்ட ஊராட்சிகளில் 37 பேர் என்பது அரசு சொன்ன கணக்கு. மல்லாங்கிணறு போன்ற பேரூராட்சியின் மன்றத்திலும் ஓர் இடம். மாற்றுத்திறனாளி அமைப்புகள் பல ஆண்டுகள் தெருவில் நின்று கேட்டது இது. குறைத்துப் பேச எனக்கு மனமில்லை, வரவேற்கிறேன்.

ஆனால் இடம் கிடைப்பதற்கும் அதிகாரம் கிடைப்பதற்கும் உள்ள தூரத்தை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகியவற்றோடு எங்கள் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தலும் சேர்ந்துதானே 1996 முதல் 2006 வரை தனி ஊராட்சித் தலைவரை ஏற்காமல் தேர்தலை முடக்கிவைத்தது? மேலவளவில் 1997இல் முருகேசனும் தோழர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2020இல்கூட கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியல் சாதிப் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் வெளியானது. அவர்கள் எல்லோரும் வாக்குப் பெற்று வந்தவர்கள். நகராட்சி அமைப்புகளின் நியமன உறுப்பினருக்கு மன்றத்தில் வாக்குரிமையே இல்லை. அரசியலமைப்பின் 243ஆர் பிரிவு அதைத் தரவில்லை. பேசலாம், கேட்கலாம். கையைத் தூக்க முடியாது.

அப்படியென்றால் அந்த ஒருவரால் என்ன செய்ய முடியும்? நிறைய முடியும், அவர் சரியான நேரத்தில் கேட்டால். ஒரு ரோடு எப்படி உருவாகிறது? பொறியாளர் மதிப்பீடு போடுவார், அது அஜெண்டாவில் ஏறும், மன்றத்தில் தீர்மானமாகும், டெண்டர் விடுவார்கள், ஒப்பந்ததாரர் வேலையை முடிப்பார், அளவுப் புத்தகத்தில் எழுதிப் பில் போடுவார்கள். வாறுகால் மூடி, தெருமுனை இறக்கம், குழாயடித் தளம் மூன்றும் முதல் கட்டத்தில், மதிப்பீட்டிலேயே இருந்தால் செலவு சொற்பம். ரோடு போட்ட பிறகு கேட்டால் "அடுத்த நிதியாண்டுல பார்ப்போம்மா" என்பார்கள். ஆகவே நியமன உறுப்பினருக்கு மதிப்பீடு முன்கூட்டியே கையில் கிடைக்க வேண்டும். பார்வையற்றவராக இருந்தால் கேட்கக்கூடிய வடிவில் கிடைக்க வேண்டும். வேலை முடிந்ததும் பில்லில் கையெழுத்தாகும் முன் அவர் அந்தத் தெருவில் போய்ப் பார்க்க வேண்டும். தணிக்கை அலுவலக வாசலில் தொடங்காமல் ஊரின் கடைசித் தெருவில் தொடங்கி அலுவலகத்தில் முடிய வேண்டும். ஊரின் கடைசித் தெரு எது என்று எந்த ஊரிலும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

அந்த இடத்துக்கு யார் வருகிறார் என்பதும் இருக்கிறது. நியமனம் என்றாலே ஆளுங்கட்சிக்காரரின் சொந்தக்காரர் என்பது நம் ஊர் வழக்கம், எந்தக் கட்சி ஆண்டாலும். மாவட்டம் முழுக்க நியமிக்கப்பட்டவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், அவர்களில் காலனியில் குடியிருப்பவர்கள் எத்தனை பேர் என்கிற பட்டியலை நாம் கேட்டு வாங்க வேண்டும். அதை மாற்றுத்திறனாளி அமைப்புகள் மட்டும் கேட்கட்டும் என்று விட்டால் சாதிக் கணக்கு விடுபட்டுப்போகும். நாம் மட்டும் கேட்டால் மற்றது விடுபடும்.

1977 ஏப்ரலில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் மாற்றுத்திறனாளிகள் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஓர் அரசு அலுவலகத்துக்குள் புகுந்து உட்கார்ந்தார்கள். தங்களுக்கான சட்டத்தின் விதிகளில் கையெழுத்திடு என்பதுதான் கோரிக்கை. ஏறக்குறைய நான்கு வாரம் நீடித்தது. உள்ளே இருந்தவர்களுக்கு நாள்தோறும் சுடச்சுடச் சோறு கொண்டுபோனது பிளாக் பேந்தர் கட்சி. அவர்களில் ஒருவரான பிராட் லோமாக்ஸ் சக்கர நாற்காலியில் உள்ளேயே இருந்தார். அந்தக் கட்சியின் பெயரை 1972இல் மகாராஷ்டிரத்தில் தலித் பேந்தர்கள் எடுத்துக்கொண்டார்கள். அங்கிருந்து அது தமிழ்நாட்டுக்கும் வந்தது. அந்தச் சோற்றுப் பாத்திரம் மட்டும் நம்மிடம் வந்து சேரவில்லை.

வேறு யாரையும் சொல்லும் முன் என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் சில நண்பர்கள் மாதம் ஒரு முறை வாசிப்பு வட்டம் நடத்துகிறோம். ஆறு வருடமாக ஒரு கடையின் மாடியில், வாடகை கிடையாது என்பதற்காக. இரண்டு கால்களும் செயல்படாத தோழர் ஒருவர் முதல் மூன்று கூட்டங்களுக்கு வந்தார். நாங்கள் நான்கு பேர் அவரை நாற்காலியோடு தூக்கிப் போவோம், பெருமையாகவே. நான்காவது மாதம் அவர் வரவில்லை. போன் செய்தேன். "நாலு பேரு தூக்குறதுக்கு இன்னும் காலம் கெடக்குது தோழர்" என்றார். சிரித்தேன். அதற்குப் பிறகும் ஐந்து வருடத்துக்கு மேல் அதே மாடியில்தான் அம்பேத்கரையும் பெரியாரையும் படித்துக்கொண்டிருந்தோம்.

அத்தையைத் தூக்கிப் போன அன்று இரவுதான் அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தது. இப்போது வேறு இடம் பார்த்திருக்கிறோம், தரைத்தளம், மாதம் ஐந்நூறு ரூபாய் வாடகை. போன ஞாயிற்றுக்கிழமை அந்தத் தோழரைக் கூட்டிவந்து காட்டினேன். வாசலைப் பார்த்தார், தலையாட்டினார். பிறகு, கழிப்பறைக் கதவு எவ்வளவு அகலம் என்று கேட்டார். டேப் வைத்து அளந்தோம். 24 அங்குலம் இருந்தது.